வெளிநாடுவாழ் இந்தியர் நாள்

வெளிநாடுவாழ் இந்தியர் நாள் (பிரவாசி பாரதிய திவசு) என்பது, வெளிநாடுகளில் வாழும் இந்தியக் குடிமக்களுக்காகவும் இந்திய வம்சாவளியினருக்காகவும் இந்திய நடுவண் அரசு நடத்தும் மாநாடும், அதனையொட்டிச் சனவரி 9ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் நிகழ்வும் ஆகும். மகாத்மா காந்தி 1915 சனவரி 9 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து பம்பாய்க்குத் திரும்பியதன் நினைவாக இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் மாநாடு 2003ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்றது. 2015 வரை ஆண்டுதோறும் நடந்த இம்மாநாடு, அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்பட்டு வருகிறது. இதன் 7ஆவது மாநாடு 2009இல் சென்னையில் நடைபெற்றது. இதனை ஒத்த நிகழ்வாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அயலகத் தமிழர் நாளைத் தொடங்கியது.

அரசுப் பணத்தில் நடத்தப்படும் இத்தகைய கூட்டங்களால் பயன் உண்டா என்ற கேள்வி முதல் மாநாட்டிலிருந்தே எழுப்பப்பட்டு வருகிறது. இம்மாநாடுகளில் பிறந்த சட்டங்களும் திட்டங்களும் ஒரு தரப்பினரால் சான்றாகக் காட்டப்படுகின்றன. உடலுழைப்புத் தொழிலாளர்கள் இவற்றில் ஏறத்தாழ இடம்பெறுவதே இல்லை என்பது மறுதரப்பினரின் வாதமாகும்.

பெயரும் வரையறையும்

வெளிநாடுவாழ் இந்தியர் என்ற சொல் பொதுவழக்கில் இரண்டு பிரிவினரைக் குறிக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் வேலை செய்வோர் அல்லது படிப்போர் முதல் பிரிவினர். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட, இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் இரண்டாம் பிரிவினர். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இரு பிரிவினரும் சேர்ந்து சுமார் 3.5 கோடிப் பேர் ஆவர்.

இவ்வரையறை தமிழர்களைப் பொறுத்தவரை ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. இலங்கையின் மலையகத் தமிழர் இந்திய வம்சாவளியினராகக் கருதப்படுவர். இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தாயகமாகக் கொண்டு, பின்னர் கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ புலம்பெயர்ந்த ஈழத் தமிழர் இதில் அடங்குவதில்லை. மொழியை அடிப்படையாகக் கொண்ட தமிழ்நாட்டு அரசின் நிகழ்வில் இந்த வேறுபாடு இல்லை.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக ஒப்பந்தக் கூலி முறை உருவானது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரிசியசு, நேட்டால், பிஜி முதலிய இடங்களுக்குத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டனர். நேட்டாலுக்குத் தொழிலாளர்களைக் கொண்டுசென்ற முதல் கப்பலான 'துரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 1,52,000 பேர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். நேட்டாலுக்கும் பிஜிக்கும் அதிகமாக ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் ஒன்றாகும். இன்றைய வேலூர், ஆரணி, கண்ணமங்கலம், போளூர்ப் பகுதிகள் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வில் இத்தொழிலாளர்களுக்கு முதன்மையான இடம் உண்டு. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளியால் அடிக்கப்பட்டுப் பல் உடைந்த நிலையில் டர்பனில் காந்தியிடம் வந்தார். காந்தி அவரை வேறொரு முதலாளியிடம் மாற்ற ஏற்பாடு செய்தார். இச்செய்தி பரவியதை அடுத்தே ஒப்பந்தத் தொழிலாளர்கள் தம்மை நாடி வரத் தொடங்கியதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பின்னர் நடந்த சத்தியாக்கிரகத்தில் தில்லையாடி வள்ளியம்மை, நாகப்பன், நாராயணசாமி முதலிய தமிழர்கள் உயிர் நீத்தனர்.

விடுதலைக்குப் பின்னர் இந்திய அரசு, வெளிநாட்டு இந்தியர் தாம் வாழும் நாட்டுக்கே உரியவராக இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. 1970களில் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலாளர்கள் பெருமளவில் சென்றதும், 1990களில் அமெரிக்காவில் இந்தியப் பொறியாளர்கள் செல்வாக்குப் பெற்றதும் இக்கொள்கையை மாற்றின. 2000ஆம் ஆண்டு ஆகத்தில் எல். எம். சிங்வி தலைமையில் உயர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு 2002 சனவரியில் அறிக்கை அளித்தது. சனவரி 9ஐ வெளிநாடுவாழ் இந்தியர் நாளாகக் கொண்டாடுதல், விருது வழங்குதல், இரட்டைக் குடியுரிமை அளித்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் அடங்கும். அன்றைய தலைமை அமைச்சர் அடல் பிகாரி வாஜ்பாய் இந்நாளை அறிவித்தார்.

மாநாடு நடந்த இடங்கள்

2003, 2004 – புது தில்லி
2005 – மும்பை
2006 – ஐதராபாத்
2007, 2008 – புது தில்லி
2009 – சென்னை
2010, 2011 – புது தில்லி
2012 – செய்ப்பூர்
2013 – கொச்சி
2014 – புது தில்லி
2015 – காந்திநகர்
2017 – பெங்களூர்
2019 – வாரணாசி
2021 – இணையவழி
2023 – இந்தூர்
2025 – புவனேசுவர்

இவற்றைத் தவிர நியூயார்க்கு, சிங்கப்பூர், டர்பன், சிட்னி, இலண்டன் முதலிய வெளிநாட்டு நகரங்களில் மண்டல மாநாடுகளும் நடத்தப்பட்டன. 2004இல் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கென ஒரு தனி அமைச்சகம் உருவாக்கப்பட்டு, அதுவே மாநாட்டை நடத்தி வந்தது. 2016இல் அவ்வமைச்சகம் வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது.

மாநாட்டின் முடிவில் குடியரசுத் தலைவர் வெளிநாடுவாழ் இந்தியருக்கான விருதுகளை வழங்குவது வழக்கம். 2003இல் முதன்முறையாக விருது பெற்றவர்களுள் அன்றைய மலேசிய அமைச்சரும் மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைவருமான ச. சாமிவேலுவும் ஒருவர்.

சென்னை மாநாடு, 2009

7ஆவது மாநாடு 2009 சனவரி 7 முதல் 9 வரை சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள வணிக மையத்தில் நடைபெற்றது. தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். சுரிநாம் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர் ராம்தின் சர்சூ சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார்.

இம்மாநாடு நடந்த காலத்தில் தமிழ்நாட்டினரின் கவனத்தை ஈர்த்த இரண்டு நிகழ்வுகள் மாநாட்டின் வரம்பைக் காட்டுகின்றன. முதலாவது இலங்கைப் போர். மாநாடு தொடங்குவதற்கு 5 நாட்களுக்கு முன்னர், சனவரி 2 அன்று, கிளிநொச்சி இலங்கைப் படையினரின் கட்டுப்பாட்டில் வந்தது. கடல்கடந்த தமிழரின் மிகப் பெரிய இடர் அப்போது அதுவே எனினும், மேற்கூறிய வரையறையின்படி அது மாநாட்டின் பொருளுக்குள் வரவில்லை. இரண்டாவது மலேசிய இந்தியர் சிக்கல். 2007 நவம்பர் 25 அன்று இந்துராப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணியில் பல்லாயிரக்கணக்கானோர், பெரும்பாலும் தமிழர், திரண்டனர். இந்தியருக்குக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் உரிய பங்கு கிடைக்கவில்லை என்பது அவர்களது குறையாகும். 2008 மார்ச்சு பொதுத்தேர்தலில் சாமிவேலு தம் சுங்கை சிப்புட்டுத் தொகுதியில் தோல்வியுற்றார். மாநாட்டு மேடையில் ஒரு சமூகத்தின் பேராளராக ஏற்கப்படுபவரும் அச்சமூகத்தின் பெரும்பான்மையோரும் ஒரே கருத்துடையவராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

அறிவிப்புகளும் விளைவுகளும்

மாநாட்டின் பயனை அளவிட, அதில் அறிவிக்கப்பட்டவை பின்னர் என்னவாயின என்று பார்ப்பது பொருத்தமான முறையாகும்.

கடல்கடந்த இந்தியக் குடியுரிமை: 2003 மாநாட்டில் வாஜ்பாய் இரட்டைக் குடியுரிமை வழங்கப்படும் என அறிவித்தார். அதனையொட்டி இயற்றப்பட்ட சட்டத் திருத்தம் 16 நாடுகளுக்கு மட்டுமே பொருந்தியது. அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, ஆத்திரேலியா போன்றவை அப்பட்டியலில் இருந்தன. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மொரிசியசு, தென்னாப்பிரிக்கா, பிஜி, மலேசியா ஆகியவை இல்லை. கண்டனங்கள் எழுந்தபின், 2005 மும்பை மாநாட்டில் மன்மோகன் சிங் இதனை விரிவாக்குவதாக அறிவித்தார். 2006 ஐதராபாத் மாநாட்டில் முதல் அட்டைகள் வழங்கப்பட்டன. பெயரில் குடியுரிமை என்று இருப்பினும் இது வாழ்நாள் நுழைவிசைவே ஆகும். வாக்குரிமையோ, வேளாண் நிலம் வாங்கும் உரிமையோ இதில் இல்லை. 2022ஆம் ஆண்டளவில் சுமார் 40 இலட்சம் பேர் இதனைப் பெற்றிருந்தனர். நான்கைந்து தலைமுறைகளுக்கு முன்னர் சென்றோரின் வழியினர் தகுதி பெறுவது கடினமாகவே இருந்தது. 2017 பெங்களூர் மாநாட்டில் இக்குறையைக் களைவதாகத் தலைமை அமைச்சர் நரேந்திர மோதி கூறினார். 2025 மார்ச்சில் மொரிசியசு நாட்டவருக்கு 7ஆம் தலைமுறை வரை இத்தகுதி நீட்டிக்கப்பட்டது.

வாக்குரிமை: வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய முடியாதிருந்த நிலை, மாநாடுகளில் தொடர்ந்து எழுப்பப்பட்ட கோரிக்கையாகும். 2010இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம் இவ்வுரிமையை அளித்தது. ஆயினும் வாக்காளர் சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 1.19 இலட்சம் வெளிநாட்டு வாக்காளர்களுள் 2,958 பேர் மட்டுமே வாக்களித்தனர். அவர்களுள் 2,670 பேர் கேரளத்தினர். பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் சட்ட முன்வரைவை 2018இல் மக்களவை நிறைவேற்றிய போதிலும், 2019இல் மக்களவை கலைந்ததால் அது காலாவதியானது.

ஓய்வூதியத் திட்டம்: வளைகுடா நாடுகள் முதலியவற்றில் பணிபுரியும் குறைந்த கல்வித் தகுதியுடைய தொழிலாளர்களுக்காக, மகாத்மா காந்தி பெயரில் ஓய்வூதியமும் ஆயுள் காப்பீடும் கொண்ட திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது. தொழிலாளரின் சேமிப்புடன் அரசும் ஒரு தொகையைச் செலுத்துவது இதன் அமைப்பாகும். மிகச் சிலரே சேர்ந்ததால் 2017இல் இத்திட்டம் கைவிடப்பட்டது.

இளைஞர் சுற்றுலா: இந்திய வம்சாவளி இளைஞர்களை இந்தியாவுக்கு அழைத்துவரும் 'இந்தியாவை அறிவோம்' திட்டம், மாநாடு தொடங்கிய காலத்திலேயே உருவாகி இன்றும் தொடர்கிறது.

அயலகத் தமிழர் நாள்

தமிழ்நாடு அரசு 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் அதன்படி நல வாரியம் அமைக்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. 2021 அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், நல வாரியம் அமைத்தல், சனவரி 12ஐப் புலம்பெயர்ந்த தமிழர் நாளாகக் கொண்டாடுதல் ஆகிய அறிவிப்புகளை வெளியிட்டார். 2022இல் தொடங்கிய இந்நிகழ்வு அயலகத் தமிழர் நாள் எனப் பெயர் பெற்றது. 2023, 2024, 2025ஆம் ஆண்டுகளில் சனவரி 11, 12 ஆகிய நாட்களில் சென்னையில் நடைபெற்றது.

இதனுடன் இணைந்ததாக 'வேர்களைத் தேடி' என்னும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. பல தலைமுறைகளுக்கு முன்னர் குடிபெயர்ந்த தமிழரின் வழிவந்த இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்து, கோயில்கள், தொல்லியல் களங்கள், கைத்தொழில் ஊர்கள் முதலியவற்றைக் காட்டுவது இதன் நோக்கமாகும். அயலகத்தில் பணிபுரிவோர் நல வாரியத்தில் பதிவு செய்து காப்பீடு பெறும் வசதி 2024இல் ஏற்படுத்தப்பட்டது.

ஆதரவுக் கருத்துகள்

- சிதறி வாழும் மக்கள் அரசின் முன் ஒரே இடத்தில் குறைகளை எடுத்துரைக்க வேறு வாய்ப்பு இல்லை. 16 நாடுகள் என்ற வரம்பு நீங்கியதற்கு இத்தகைய அழுத்தமும் காரணமாகும்.
- குறித்த நாளில் மாநாடு நடப்பதால் அமைச்சகங்கள் அந்நாளுக்குள் ஒரு முடிவை அறிவிக்க வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது.
- மொழியை இழந்துவிட்ட ரீயூனியன், மொரிசியசு, தென்னாப்பிரிக்கத் தமிழர் போன்றோருக்கு, தாய்நாட்டு அரசின் அழைப்பு ஒரு மன நிறைவையும் அடையாளத்தையும் அளிக்கிறது.

எதிர்க் கருத்துகள்

- மாநாட்டில் பங்கேற்கப் பதிவுக் கட்டணம், பயணச் செலவு, விடுப்பு ஆகிய மூன்றும் தேவை. வணிகர், மருத்துவர், பொறியாளர் போன்றோரால் இது இயலும். வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணியிலோ வீட்டு வேலையிலோ உள்ளவர்கள் பலருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புவதே கடினம்.
- வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கும் மாநாட்டுக்கும் தொடர்பு இல்லை. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024இல் இந்தியாவுக்கு சுமார் 12,900 கோடி அமெரிக்க டாலர் வந்தது. இதில் பெரும்பகுதி குடும்பங்களுக்கு அனுப்பப்படும் பணமாகும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு.
- விருதுகளும் கலை நிகழ்ச்சிகளும் மேடை உரைகளும் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொள்கின்றன. ஆளுங்கட்சியின் புகழ்பாடும் மேடையாக மாநாடு மாறுகிறது என்ற குறைபாடு, ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்து கூறப்பட்டு வருகிறது.

பிற்கால மாநாடுகளில் வளைகுடாத் தொழிலாளர் குறித்துத் தனி அமர்வுகள் நடத்தப்பட்டன. எனினும் தொழிலாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்ட ஏற்பாடுகள் மாநாட்டு மேடைக்கு வெளியே, தூதரகங்களின் அன்றாடப் பணியில் உருவானவை. 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி இவற்றுள் ஒன்றாகும். தூதரகச் சேவைகளுக்கு வாங்கப்படும் சிறு கட்டணத்திலிருந்து திரட்டப்படும் இந்நிதி, கைவிடப்பட்ட தொழிலாளர்களின் உணவு, தங்குமிடம், பயணச்சீட்டு, சட்ட உதவி, இறந்தோரின் உடலை ஊருக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. 2024 சூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நெரிசலான தங்குமிடம், பிடித்து வைக்கப்படும் கடவுச்சீட்டு, தரப்படாத ஊதியம் ஆகியவையே இத்தொழிலாளர்களின் முதன்மையான சிக்கல்களாகும்.

பிற இடங்களில் ஒத்த முயற்சிகள்

கேரளம்: 1996இலேயே வெளிநாடுவாழ் கேரளியர்களுக்கெனத் தனித் துறையை உருவாக்கிய கேரள அரசு, 2018இல் உலகக் கேரள அவையைத் தொடங்கியது. மாநிலச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும், வெளிநாடுகளிலும் பிற மாநிலங்களிலும் வாழும் கேரளியரின் பேராளர்களும் இதில் உறுப்பினர்கள் ஆவர். வளைகுடாத் தொழிலாளர்களுக்கும் இடம் தரப்படுவது இதன் சிறப்பு. ஆயினும் இதுவும் வீண்செலவு என்று கூறி எதிர்க்கட்சிகள் 2020, 2022ஆம் ஆண்டுகளின் கூட்டங்களைப் புறக்கணித்தன.

அயர்லாந்து: பொருளாதார நெருக்கடியில் இருந்த அயர்லாந்து, 2013ஆம் ஆண்டு முழுவதையும் புலம்பெயர்ந்தோர் ஒன்றுகூடும் ஆண்டாக அறிவித்தது. தலைநகரில் ஒரே மாநாடு நடத்துவதற்கு மாறாக, ஊர்களும் குடும்பங்களும் பள்ளிகளும் தத்தம் உறவினரை அழைத்துச் சிறு கூட்டங்களை நடத்த அரசு சிறு நிதி உதவி அளித்தது. சுமார் 5,000 கூட்டங்கள் நடந்தன. புலம்பெயர்ந்தோரைப் பணத்துக்காக மட்டும் நாடுவதாக நடிகர் கேப்ரியல் பைர்ன் இதனைக் கண்டித்தார்.

ஊர் தேடுதல்

ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் பலர் தம் முன்னோரின் ஊரைக் கண்டறிய விரும்புகின்றனர். இந்திய அரசு 2008இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தேடலுக்கான அடிப்படை ஆவணம் குடிபெயர்வுச் சீட்டாகும். தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. மொரிசியசின் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. நேட்டால் கப்பல் பட்டியல்கள் கணினிமயமாக்கப்பட்டுள்ளன.

இத்தேடலில் உள்ள இடர்ப்பாடுகளுக்கு, திருவண்ணாமலை மாவட்டம் ஆரணிப் பகுதியில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற கண்ணமங்கலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலாவதாக, தமிழ்நாட்டில் இப்பெயரில் வேறு ஊர்களும் உள்ளன. இரண்டாவதாக, தமிழ் அறியாத எழுத்தர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர்கள் பெரிதும் திரிந்துள்ளன. மூன்றாவதாக, சீட்டில் வட ஆற்காடு என இருக்கும் மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டுவிட்டது. எனவே சீட்டில் உள்ள வட்டத்தின் பெயரை அன்றைய எல்லைகளுடன் ஒப்பிட்டே ஊரை உறுதி செய்ய இயலும். இதற்குப் பழைய நில ஆவணங்களை அறிந்த வருவாய்த் துறையினர், ஆவணக் காப்பகத்தினர், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரின் உதவி தேவைப்படுகிறது.

மதிப்பீடு

இதுவரையான பட்டறிவிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கோரிக்கை தெளிவாகவும், கோருபவர் மண்டபத்தில் இருப்பவராகவும் இருந்தபோது மாநாடுகள் சட்டமாகும் அளவுக்குப் பயன் தந்துள்ளன. கடல்கடந்த இந்தியக் குடியுரிமை இதற்குச் சான்று. கோருபவர் மண்டபத்தில் இல்லாதபோது, அவர் பெயரால் அறிவிக்கப்பட்ட திட்டம் அவரைச் சென்றடையவில்லை. 2012இன் ஓய்வூதியத் திட்டம் இதற்குச் சான்று. வாக்குரிமை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உரிமை கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் வழி கிடைக்கவில்லை.

எனவே மாநாட்டுக்கு வந்தோரின் எண்ணிக்கையையோ, கையெழுத்தான ஒப்பந்தங்களின் மதிப்பையோ கொண்டு பயனை அளப்பது போதாது. தொழிலாளர் பேராளர்களுக்குக் கட்டணமும் பயணச் செலவும் அரசால் ஏற்கப்படுகின்றனவா, முந்தைய மாநாட்டின் அறிவிப்புகள் குறித்த நிலை அறிக்கை அடுத்த மாநாட்டில் வைக்கப்படுகிறதா ஆகியவை கூடுதல் பொருத்தமுள்ள அளவுகோல்களாகும். காந்தி திரும்பி வந்த நாளில் கூட்டப்படும் மாநாட்டுக்கு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: பாலசுந்தரம் போன்ற ஒரு தொழிலாளி இன்று தம் குறையுடன் வந்தால், அவரால் மண்டபத்துக்குள் நுழைய முடியுமா என்பதே அது.